முடிச்சில்லாத தையல்

எஸ்டிமேட் தாளில் அறை வாடகை, மயக்க மருந்து டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றையும் தாண்டி நடுவில் ஒரு வரி இருக்கும்: ‘நாட்லெஸ் ஆங்கர் – 2’. அதற்கு நேரே இருக்கும் தொகைதான் பெரும்பாலும் வீட்டில் எல்லோரையும் திகைக்க வைப்பது. தோள்பட்டையில் சவ்வு கிழிந்து, ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள் அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டுதான் என்னிடம் கேட்பார்கள்: “இது என்னம்மா? இது இல்லாம முடியாதா?”

நான் அறுவை மருத்துவர் இல்லை. தையல் போட்ட கையைப் பிறகு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அசைய வைக்கும் பிசியோதெரபிஸ்ட். அதனால் அந்த வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அறிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் எனக்கும் உண்டு. உள்ளே எதை எதோடு எப்படிப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் அந்தக் கையைத் தூக்க முடியாது.

பெங்களூர் அடுகோடியில் சமீபத்தில் அப்படிக் கேட்டவர், மைக்கோவில் லேத்திலும் கிரைண்டிங்கிலும் நின்று ஓய்வு பெற்ற ஒரு அண்ணன். 1951-ல் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியாகத் தொடங்கியது அது. 2008-லிருந்து பெயர்ப் பலகையில் பாஷ் என்றுதான் இருக்கிறது. உற்பத்தி பிடதிப் பக்கம் போய், பழைய வளாகம் 2022-ல் தொழில்நுட்ப வளாகமாகத் திறக்கப்பட்டும் ஆயிற்று. இந்த வட்டாரத்துக்கு இன்னும் அது மைக்கோதான். வாழ்நாள் முழுக்க மைக்ரான் கணக்கில் வேலை பார்த்த மனிதருக்கு “ஒண்ணும் பயப்படாதீங்க, சின்ன ஆபரேஷன்தான்” என்று சொன்னால் போதாது. பொருளைக் கையில் கொடுத்து, அது எப்படி வேலை செய்கிறது என்று சொன்னால்தான் மனசு ஆறும். பை-டூ டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். அந்தப் பேச்சைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். கேட்க வேண்டியவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

முதலில் கிழிந்தது எது என்று பார்ப்போம். தோள் மூட்டில் கை எலும்பின் உருண்டைத் தலையைச் சுற்றி நான்கு தசைகளின் நாண்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. நாம் பொதுவாக ஜவ்வு, சவ்வு என்று சொல்வது இவற்றைத்தான். நான்கும் சேர்ந்து ரொட்டேட்டர் கஃப். இதில் மேலே இருக்கும் சுப்ராஸ்பினேட்டஸ் என்ற நாண்தான் அதிகம் கிழிவது. கையைப் பக்கவாட்டில் தூக்கத் தொடங்கும்போது உருண்டையைக் குழியில் அழுத்திப் பிடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு. அது எலும்பை விட்டுப் பிரிந்துவிட்டால், அலமாரியின் மேல் தட்டை எட்ட முடியாது, சட்டைக்குள் கை நுழைக்க முடியாது. எல்லாவற்றையும் விட, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் ராத்திரி தூக்கம் போய்விடும். அண்ணனுக்கு அந்த ராத்திரி வலிதான் தாங்க முடியவில்லை.

கிழிசல் என்று எம்.ஆர்.ஐ.யில் வந்தவுடன் எல்லோரும் மேசையில் படுக்க வேண்டியதில்லை. அறுபதைத் தாண்டியவர்களில் பலருக்கு வலியே இல்லாமல் கிழிசல் இருக்கிறது. அமெரிக்காவில் மூன் என்ற மருத்துவர் குழு, அடிபடாமல் தேய்ந்து முழுக்கக் கிழிந்த 452 பேருக்கு முதலில் முறையான உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்தது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது ஆபரேஷன் வரை போனவர்கள் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. இது 2013-ல் வெளிவந்தது. என் தொழிலுக்கு ஆதரவாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். முடிவெடுக்கும் முன் இதை ஒவ்வொரு நோயாளியும் கேட்டிருக்க வேண்டும். விழுந்து அடிபட்டு ஒரே நாளில் கிழிந்ததும், இளவயதில் கிழிந்ததும் வேறு கணக்கு. அவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. அண்ணன் மாடிப்படியில் சறுக்கிக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியவர். பயிற்சியும் செய்து பார்த்துவிட்டார். அவருக்கு ஆபரேஷன் தேவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

“சரிம்மா, கிழிஞ்ச ஜவ்வ ஜவ்வோட வெச்சுத் தைக்கப் போறாங்க. அதுக்கு எதுக்கு ஸ்க்ரூ?”

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பெரும்பாலும் ஜவ்வு நடுவில் கிழிவதில்லை. எலும்பில் ஒட்டியிருந்த விளிம்பில் இருந்து உரிந்து வருகிறது. அதை மறுபடி எலும்பில்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும். எலும்பை ஊசியால் தைக்க முடியாது. பாஸ்டன் நகரத்து மருத்துவர் எர்னஸ்ட் அமோரி காட்மன், இந்த நாணைத் தைத்துச் சரிசெய்ததை 1911-லேயே எழுதி வைத்தார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் வரை வழக்கில் இருந்த முறை, தோளைத் திறந்து, எலும்பில் துளை குடைந்து, அந்தத் துளை வழியாக நூலைச் செலுத்தி, வெளிப்பக்கம் எலும்பின் மேல் முடிச்சுப் போடுவது. நல்ல முறை. எலும்பு திடமாக இருந்தால் இன்றும் அதற்கு மரியாதை உண்டு. ஆனால் பெரிதாகத் திறக்க வேண்டும். மேலே இருக்கும் டெல்டாய்டு தசையைக் கொஞ்சமாவது விலக்க வேண்டும்.

1980-களில் அமெரிக்காவில் சிலர் வேறு மாதிரி யோசித்தார்கள். நூலை எலும்பின் ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் எடுப்பதற்குப் பதில், நூல் கட்டிய ஒரு சின்ன உலோகத் துண்டை எலும்புக்குள் இறக்கிவிட்டால் போதும். அது உள்ளே பிடித்துக்கொள்ளும், நூலின் இரண்டு நுனி மட்டும் வெளியே நிற்கும். அதுதான் சூச்சர் ஆங்கர். 1990-களின் தொடக்கத்தில் மைடெக் என்ற நிறுவனத்தின் ஆங்கர்கள் பரவலாயின. கேமராவை நுழைத்துச் சாவித்துளை போன்ற சிறு துளைகள் வழியாகவே தோள் ஜவ்வைச் சரிசெய்யும் வித்தை வளர்ந்ததற்கு இந்தத் துண்டு ஒரு முக்கியமான காரணம்.

அந்த வருடங்களில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டெக்சாஸின் சான் அன்டோனியோவைச் சேர்ந்த ஸ்டீபன் பர்க்கார்ட் என்ற தோள் மருத்துவர், தெற்கு டெக்சாஸ் பண்ணைகளின் வேலியைப் பார்த்தார். மூலைக் கம்பம் வேலியின் இழுப்பில் சாயாமல் இருக்க, ஒரு கம்பியைச் சாய்வாக இழுத்து, மண்ணுக்குள் புதைத்த கல்லிலோ கட்டையிலோ கட்டியிருப்பார்கள். புதைத்த அந்தப் பாரத்துக்கு அங்கே ‘டெட்மேன்’ என்று பெயர். எந்தக் கோணத்தில் புதைத்தால் அது பிடுங்கிக்கொண்டு வராது என்று கணக்குப் போட்டு, எலும்பில் ஆங்கரையும் 45 டிகிரிக்கு மேற்படாத சாய்வில் இறக்க வேண்டும் என்று 1995-ல் எழுதினார். ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதைப் படித்துத்தான் ஆங்கர் வைத்தார்கள். பின்னால் வந்த சோதனைக்கூட ஆய்வுகள், திருகு மறை உள்ள ஆங்கரை நேராக இறக்கினாலும் நன்றாகவே பிடிக்கிறது என்று அதை மறுத்தும் பேசின. மறுக்கப்பட்டாலும், தொழிலை நேசிக்கும் ஒருவர் வயல்வெளியில் நடக்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அண்ணன் சட்டென்று கேட்டார். “உள்ள ஆங்கர் போட்டாச்சு. நூலு வெளிய நிக்குது. முடிச்ச யாரு போடறது? துளைக்குள்ள விரல் போகாதே?”

விரல் போகாது. தியேட்டருக்குள் ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன். நாலு மில்லிமீட்டர் தடிமன் உள்ள கேமராக் குழல் ஒரு துளையில். உப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, திரையில் எல்லாம் தண்ணீருக்கடியில் தெரிகிறது. இன்னொரு துளையில் சுண்டு விரலை விடக் குறுகிய பிளாஸ்டிக் குழாய். நூலின் இரண்டு நுனியும் அந்தக் குழாய் வழியாக உடம்புக்கு வெளியே வருகின்றன. டாக்டர் வெளியே, தன் கையில், ஒரு சுருக்கு முடிச்சு போடுகிறார். பிறகு நுனியில் ஓட்டை உள்ள நீளக் கம்பியால் அந்த முடிச்சைக் குழாய்க்குள் தள்ளித் தள்ளி ஜவ்வு மேல் உட்கார வைக்கிறார். அதன் மேல் இன்னும் மூன்று அரை முடிச்சுகள், ஒவ்வொன்றும் முந்தையதற்கு எதிர்த் திசையில். ஒன்று தவறான திசையில் விழுந்தால் பிடிப்பு தளரும். வழியில் துளி சதை சிக்கினால் முடிச்சு பாதியில் நின்றுவிடும். கடைசி முடிச்சு இறங்கும் வரை அந்த அறையில் பேச்சே இருக்காது.

இந்த முடிச்சுகளுக்கென்றே ஒரு சாத்திரம் இருக்கிறது. டங்கன் லூப், டென்னஸி ஸ்லைடர், சியோல் நகரத்து சாம்சங் மெடிக்கல் சென்டரின் பெயரைத் தாங்கிய எஸ்.எம்.சி. முடிச்சு என்று வரிசையாக இருக்கின்றன. சோதனைக்கூடத்தில் இழுத்துப் பார்க்கும்போது வளையம் மூன்று மில்லிமீட்டர் விரிந்தாலே அந்த முடிச்சைத் தோற்றதாகக் கணக்கு வைப்பார்கள். அவ்வளவு விரிந்தால் ஜவ்வு எலும்பை விட்டு விலகி நிற்கும், ஒட்டாது. பழகிய கை போட்டால் முடிச்சு உறுதியாக இருக்கும். பழகாத கை போட்டால் ஒரே நோயாளியில் ஒரு முடிச்சு ஒரு மாதிரியும் அடுத்தது வேறு மாதிரியும் இருக்கும். தோளில் மேலே எலும்புக் கூரை ஒன்று இருக்கிறது; இடம் குறுகல். முடிச்சின் மேடு சிலருக்கு அதில் உரசி வலி தருவதும் உண்டு.

முடிச்சை விட்டுவிட்டால் என்ன என்று யோசித்து அதை முதலில் உருப்படியாகச் செய்து காட்டியவர்களில் ஒருவர், வர்ஜீனியாவைச் சேர்ந்த ரேமண்ட் தால். தோள் அடிக்கடி நழுவிப் போகிறவர்களுக்குக் குழியின் விளிம்பைத் தைக்கும் ஆபரேஷனில் இதைப் பயன்படுத்தி 2001-ல் எழுதினார். பிரிட்டனின் பிளண்டல் பேங்கார்ட் 1923-ல் விளக்கிய அதே விளிம்புக் கிழிசல் அது. தாலின் ஆங்கரில் நீள நூல் கிடையாது. அதோடு சேர்ந்த குட்டி வளையம் ஒன்று இருந்தது. வளையத்தை ஜவ்வு வழியாக இழுத்து, ஆங்கரின் கொக்கியை அந்த வளையத்தில் மாட்டி, அப்படியே எலும்புத் துளைக்குள் தள்ளினால், ஆங்கர் இறங்க இறங்க வளையம் இறுகி ஜவ்வை எலும்போடு அழுத்தும். முடிச்சே இல்லை. ஒரு சிக்கல் இருந்தது: இறுக்கமும் ஆழமும் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன. வளையம் கொஞ்சம் நீளமாக இருந்தால் ஆங்கரை எவ்வளவு ஆழம் தள்ளினாலும் இறுகாது.

இன்று தோள் ஜவ்வுக்கு அதிகம் பயன்படுவது அதற்கு அடுத்து வந்த வகை. அண்ணனிடம் காட்டுவதற்காக ஒரு மாதிரி ஆங்கரைக் கொண்டுபோயிருந்தேன், பயிற்சி வகுப்பில் கிடைத்தது. மங்கிய வெள்ளையில் பீக் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆன மறை போட்ட துண்டு. அகலம் ஐந்து மில்லிமீட்டர் அளவு, நீளம் இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். நுனியில் ஊசிக்கண் போல ஒரு துவாரம். அதோடு வெள்ளையும் நீலமும் கலந்து பின்னிய நூல், அரை மில்லிமீட்டர் சொச்சம் தடிமன். இன்னொன்று இரண்டு மில்லிமீட்டர் அகல நாடா. இரண்டுமே மிக உயர்ந்த மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் இழை. கையால் இழுத்து அறுக்க முடியாது.

அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மறை ரொம்ப அகலமா விட்டிருக்கான். ஸ்டீலுக்கு இப்படி வெட்ட மாட்டோம்.”

அவர் சொன்னது மிகச் சரி. எலும்பின் மேல்தோல் மட்டுமே கெட்டி. உள்ளே பஞ்சுத்தன்மை. அதில் நெருக்கமான மறை பிடிக்காது; அகலமான, ஆழமான மறைதான் நிறையப் பஞ்செலும்பைப் பற்றும். மறை வடிவத்தைத் தீர்மானிப்பது இறங்கப்போகும் பொருள்தான் என்பதை அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வேலை செய்யும் விதம் இப்படி. முதல் ஆங்கரை ஜவ்வின் உள்பக்க ஓரத்தில், எலும்புத் தலையின் குருத்தெலும்பு முடியும் இடத்தில் இறக்குவார்கள். அதிலிருந்து வரும் நூல்களை, நாடாக்களை ஜவ்வு வழியாக மேலே எடுப்பார்கள். பிறகு அவற்றைக் கிழிந்த விளிம்பைத் தாண்டி வெளிப்பக்கம் கொண்டுபோய், இரண்டாவது ஆங்கரின் துவாரத்தில் கோத்து, எலும்பில் போட்ட துளையின் வாயில் வைத்து, வேண்டிய அளவு இழுத்து, அந்த இழுப்பு தளராமல் பிடித்துக்கொண்டு ஆங்கரை உள்ளே திருகிவிடுவார்கள். நூல் இப்போது துளையின் சுவருக்கும் ஆங்கருக்கும் நடுவில் நசுங்கி மாட்டிக்கொண்டது. அந்த நெருக்கம்தான் முடிச்சின் வேலையைச் செய்கிறது. மேலே நூல் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து, ஜவ்வை ஒரு புள்ளியில் இல்லாமல் பரப்பளவாக எலும்பின் மேல் அழுத்துகிறது. இரண்டு வரிசை, நடுவில் பாலம். 2006-ல் அமெரிக்காவில் மேக்ஸ்வெல் பார்க்கும் நீல் எலட்ராஷும் சகாக்களும் விவரித்த இந்த அமைப்பு, பழைய எலும்புத் துளைத் தையல் கொடுத்த அழுத்தத்தைச் சாவித்துளை வழியாகவே கொடுப்பதற்காக யோசித்தது.

மூன்றாவது வகையும் இருக்கிறது. அதில் நூலின் ஒரு நுனி, அதே நூலின் பின்னலுக்கு நடுவில் நுழைந்து போகும். ஒரு பக்கம் இழுத்தால் வழுக்கிக்கொண்டு இறுகும். எதிர்ப்பக்கம் இழுத்தால் பின்னல் சுருங்கிக் கவ்விக்கொள்ளும். ஆங்கர் எலும்பில் உட்கார்ந்த பிறகும், திரையில் பார்த்துப் பார்த்து இன்னும் கொஞ்சம் இறுக்க முடிவது இதன் வசதி. சில ஆங்கர்களில் உடம்பே நூலால்தான். எலும்புக்குள் போனதும் கொத்தாகச் சுருண்டு மாட்டிக்கொள்ளும்.

“அப்ப முடிச்சு போடறத விட இதுதான் உசத்தி?”

ஆம் என்று ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நன்மை நிஜமானது. நேரம் மிச்சம்; தோளுக்குள் தண்ணீர் ஊறி வீங்குவதற்குள் வேலை முடியும். ஒரு ஆங்கருக்கும் அடுத்ததற்கும் இறுக்கம் அதிகம் மாறாது. உரசும் மேடு கிடையாது. இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. உள்வரிசையில் முடிச்சுப் போட்டு இறுக்கும்போது, தசை நாணாக மாறும் அந்த இடத்தை அளவுக்கு மேல் நெரித்துவிடலாம். ரத்தம் ஓட வேண்டிய இடம் அது. தென்கொரிய மருத்துவர்கள் 2010-ல் ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதினார்கள்: இரட்டை வரிசை போட்ட சிலருக்குப் பின்னால் மறுபடி கிழியும்போது, எலும்போடு ஒட்டிய பகுதி நன்றாகவே ஒட்டியிருக்கிறது, உள்வரிசைத் தையலை ஒட்டி, புதிதாக ஒரு இடத்தில் கிழிகிறது. இது மோசமான கிழிசல். திரும்பத் தைக்க நாண் மிச்சம் இருக்காது. உள்வரிசையிலும் முடிச்சு போடாமல் விட்டவர்களிடம் இந்த மாதிரிக் கிழிசல் குறைவாக இருந்ததாக அதே குழுவினர் பிறகு எழுதினார்கள்.

ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது, வலி, கை தூக்கும் அளவு, மறுபடி கிழிவது எதிலும் முடிச்சுக்கும் முடிச்சில்லாததற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நேரம் குறைவது மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. என் கையில் வந்து போகும் தோள்களை வைத்து நானும் அப்படித்தான் சொல்வேன். ஆறாவது மாதம் கையைத் தூக்குபவரைப் பார்த்து, இவருக்கு உள்ளே முடிச்சு இருக்கிறதா இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது.

இதன் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். முடிச்சு எலும்பை நம்பி இல்லை; நூல் நூலையே பிடித்துக்கொள்கிறது. நசுக்கிப் பிடிக்கும் ஆங்கர் முழுக்க எலும்பையே நம்பி இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்கள், வயதானவர்கள், வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர்கள் பலருக்கு அந்த இடத்து எலும்பு இளகிப் போயிருக்கும். ஆங்கர் அசையாமல் இருக்கும்போதே நூல் நழுவலாம். நாலைந்து இழைகளும் ஒரே வெளி ஆங்கரில் போய் முடிவதால், அது ஒன்று பிடி விட்டால் பாலமே தளரும். ஒருமுறை திருகி இறக்கிய பிறகு இறுக்கம் போதவில்லை என்று தெரிந்தால், பல வகைகளில் திரும்ப எடுக்க முடியாது. இன்னொரு ஆங்கர் பிரிக்க வேண்டும், அதற்கும் காசு. அதனால்தான் நல்ல டாக்டர்கள் முடிச்சுப் போடும் பழக்கத்தை விடுவதில்லை. அண்ணனுக்கும் கடைசியில் உள்வரிசையில் ஒரு முடிச்சு, வெளிவரிசையில் முடிச்சில்லாத இரண்டு ஆங்கர் என்று கலந்துதான் போட்டார்கள். எலும்பைத் துளைத்துப் பார்த்த பிறகு அங்கேயே எடுத்த முடிவு அது. சரியான முடிவு என்று நினைக்கிறேன்.

காசைப் பற்றி. இதய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியிலும், முழங்கால் செயற்கை மூட்டுக்கு அதே ஆண்டு ஆகஸ்டிலும் மத்திய அரசு உச்ச விலை வைத்தது. அந்த உத்தரவுகளில் தோள் ஆங்கர் இல்லை. ஒரே வேலையைச் செய்யும் ஆங்கருக்கு ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு விலை, அடுத்த தெருவில் வேறு விலை இருப்பதைப் பார்க்கிறோம். இறக்குமதி ஆங்கர்தான் தரம் என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறைய. இதே பெங்களூரில், பீன்யா தொழிற்பேட்டையில், 1992-ல் சூச்சர்ஸ் இந்தியா என்று தையல் நூல் செய்யத் தொடங்கிய நிறுவனம் இன்று ஹெல்தியம் மெட்டெக் என்ற பெயரில் இயங்குகிறது. சிரோனிக்ஸ் என்ற பெயரில் தோள், முழங்கால் ஆபரேஷனுக்கான ஆங்கர்களையும் விற்கிறது. யாரையும் ஒரு கம்பெனியை நோக்கித் தள்ள நான் சொல்லவில்லை. நம் ஊரில் செய்ததில் எது இருக்கிறது, அதன் விலை என்ன என்று கேட்பதில் தவறில்லை என்பதற்காகச் சொல்கிறேன். டாக்டருக்கு எது கைப்பழக்கம் என்பதையும் மதிக்க வேண்டும். பழகாத ஆங்கரை நோயாளியின் வற்புறுத்தலுக்காகப் போடுவது நல்லதில்லை.

அண்ணன் டீ கிளாஸை வைத்துவிட்டுக் கேட்ட கடைசிக் கேள்வி எல்லாவற்றிலும் முக்கியமானது. “இந்த ஆங்கரு எத்தன வருஷம் தாங்கும்?”

ஆங்கர் வருஷக்கணக்கில் தாங்க வேண்டிய தேவையே இல்லை. சில மாதம் பிடித்தால் போதும். அதற்குள் ஜவ்வு எலும்பில் ஒட்டிவிட வேண்டும். ஒட்டாவிட்டால் எந்த நூலும் ஒரு நாள் ஜவ்வை அறுத்துக்கொண்டு வெளியே வரும். இயற்கையில் நாண் எலும்பில் சேரும் இடம் அற்புதமான அமைப்பு: நாண், பிறகு மென்குருத்து, பிறகு சுண்ணம் படிந்த குருத்து, பிறகு எலும்பு என்று நான்கு படியாகக் கெட்டிப்படும். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த நான்கு படியும் திரும்பி வருவதில்லை. தழும்புத் திசுவால்தான் ஒட்டுகிறது. அந்தத் தழும்பு முதல் சில வாரம் குழகுழவென்று இருக்கும், பிறகு மெல்ல இழையாகி, மாதங்கள் கடந்துதான் பலம் பெறும். பிரிட்டனில் நடந்த யுகஃப் என்ற பெரிய ஆய்வில், திறந்து செய்தாலும் சாவித்துளையில் செய்தாலும் இரண்டு வருடத்தில் பலன் ஒன்றுதான் என்று தெரிந்தது. கூடவே, ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது நூற்றில் நாற்பது பேர் அளவுக்கு ஜவ்வு முழுதாக ஒட்டவில்லை அல்லது மறுபடி கிழிந்திருந்தது. அவர்களில் பலருக்கு வலி குறைந்துதான் இருந்தது. ஆனாலும் ஒட்டியவர்கள் இன்னும் நன்றாக இருந்தார்கள்.

ஒட்டுவதும் ஒட்டாததும் எதைப் பொறுத்தது? கிழிசலின் அளவு, வயது, தசை கொழுப்பாக மாறிப்போன அளவு. இவை நம் கையில் இல்லை. சர்க்கரை, சிகரெட், முதல் மூன்று மாத நடத்தை, இவை நம் கையில் இருக்கின்றன. அண்ணனுக்கு மூன்று மாத சராசரிச் சர்க்கரை அதிகமாக இருந்தது. ஆங்கர் எந்த நாட்டுத் தயாரிப்பு என்று விசாரித்த அளவுக்கு அதைப் பற்றி அவர் வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை. அடிபட்ட கிழிசலைத் தள்ளிப்போடக் கூடாது என்றாலும், இதற்காக ஆபரேஷனைத் தள்ளிவைத்துச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் நாள் குறித்தார்கள்.

காட்மனைப் பற்றி மேலே சொன்னேன். அவர் மேல் எனக்குத் தனி மரியாதை, ஜவ்வைத் தைத்ததற்காக மட்டும் அல்ல. ஒவ்வொரு நோயாளியையும் ஆபரேஷனுக்குப் பிறகு போதிய காலம் தொடர்ந்து பார்த்து, பலன் கிடைத்ததா, இல்லையென்றால் ஏன் என்று ஆஸ்பத்திரி வெளிப்படையாக எழுதி வைக்க வேண்டும் என்று போராடியவர். அதற்காக 1914-ல் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரி வேலையையே விட்டார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும், “உங்ககிட்ட இந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க ஒரு வருஷம் கழிச்சு எப்படி இருக்காங்க டாக்டர்?” என்று கேட்க நம்மில் பலருக்கு வாய் வருவதில்லை. கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். எத்தனை ஆங்கர் வேண்டியிருக்கும், உள்ளே போய்ப் பார்த்து எண்ணிக்கை கூடினால் யார் எங்களிடம் சொல்வார்கள், இன்சூரன்ஸ் எந்த ஆங்கர் வரை ஏற்கும் என்பதையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆங்கர் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டச் சொல்லுங்கள். நாளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வந்தால், உள்ளே இருப்பது பிளாஸ்டிக்கா டைட்டானியமா என்று அந்த ஸ்டிக்கர் சொல்லும்.

பிறகு நீங்கள் எங்களிடம் வருவீர்கள். நாலு முதல் ஆறு வாரம் ஸ்லிங். அந்த நாட்களில் நாங்கள்தான் உங்கள் கையைத் தூக்குவோம், நீங்கள் தூக்கக் கூடாது. ஆறு வாரத்துக்குப் பிறகு நீங்களாகவே மெல்ல. பளு ஏற்றிச் செய்யும் பயிற்சி மூன்று மாதம் முடிந்துதான். கனமான வேலைக்கு இன்னும் சில மாதம். கிழிசல் பெரிதாக இருந்தால் டாக்டர் இந்தக் கணக்கை நீட்டுவார். எனக்கு மிகவும் கவலை தருவது ஆறாவது வாரத்திலிருந்து மூன்றாவது மாதம் வரையிலான காலம். வலி போயிருக்கும். ராத்திரி தூக்கம் திரும்பியிருக்கும். கை சரியாகிவிட்டது என்று தோன்றும். உள்ளே தழும்பு இன்னும் பாதிப் பலம்கூடப் பெற்றிருக்காது. இழுப்பு வந்தால் பெரும்பகுதியைத் தாங்குவது நூல்தான். அந்த வாரங்களில் ஓசூர் ரோட்டில் பஸ் ஏறினால் அந்தக் கையால் மேல் கம்பியைப் பிடிக்காதீர்கள். இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்க வேறு யாரையாவது கூப்பிடுங்கள். வலி இல்லை என்பதற்காகப் பிசியோதெரபிக்கு வருவதை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.